முதுகலைக்குப் பிறகு பன்னாட்டு வளர்ச்சித் துறையில் முதல் வேலை: எந்த வாசல் உண்மையில் திறந்திருக்கிறது?

கேள்வி இதுதான்: வளர்ச்சிப் படிப்பில் முதுகலை முடித்தாயிற்று, மாதக்கணக்கில் ஐ.நா. அமைப்புகளுக்கு விண்ணப்பம் மேல் விண்ணப்பம் போட்டும் ஒரு பதிலும் இல்லை, எல்லா இடத்திலும் அனுபவம் கேட்கிறார்கள், வேலையே தராமல் அனுபவம் எங்கிருந்து வரும்?

ஐ.நா., உலக வங்கி என்று அமைப்பின் பெயரை வைத்துத் தேடும்வரை இந்தச் சிக்கல் தீராது. வளர்ச்சியில் ஆர்வம் உள்ளவர் தேவை என்று இந்தத் துறையில் யாரும் ஆள் எடுப்பதில்லை. கணக்கெடுப்புத் தரவைச் சுத்தம் செய்ய ஒருவர், மானியக் கணக்கு பார்க்க ஒருவர், கொள்முதலுக்கு ஒருவர், குடிநீர்த் திட்டத்துக்கு ஒரு பொறியாளர் என்றுதான் எடுக்கிறார்கள். ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது உங்கள் கைத்தொழில் எது என்பதை. அமைப்பு எது என்பது அதற்குப் பிறகு வருகிற கேள்வி.

அதற்கு முன் ஒரு நிலவரம். 2025லிருந்து இந்தத் துறையின் பணவரத்து ஆட்டம் கண்டுவிட்டது. 1961ல் தொடங்கிய, அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட், 2025 ஜனவரியில் நிதி நிறுத்தத்தில் சிக்கியது. மார்ச்சில் அதன் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று அறிவித்தார்கள். ஜூலை 1லிருந்து அது தனி அமைப்பாகவே இல்லை. மிச்சமிருந்தவை வெளியுறவுத் துறைக்குப் போய்விட்டன. பிரிட்டன் தன் உதவித்தொகையை தேசிய வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 2027க்குள் 0.3 சதவீதமாக இறக்குவதாகச் சொல்லிவிட்டது. வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியின் கணக்கின்படி 2024லேயே அரசுகளின் வளர்ச்சி உதவி 7.1 சதவீதம் சரிந்து சுமார் 212 பில்லியன் டாலருக்கு வந்திருந்தது. ஐ.நா.வும் 2025 மார்ச்சில் 'ஐ.நா. 80' என்ற பெயரில் சீரமைப்பைத் தொடங்கிப் பணியிடங்களைக் குறைக்கிறது. இதனால் பத்துப் பதினைந்து ஆண்டு அனுபவக்காரர்களும் இப்போது உங்களோடு ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பதில் வராததை உங்கள் தகுதிக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் 2015ல் வேலைக்குச் சேர்ந்தவர்கள் சொல்லும் வழியை அப்படியே பின்பற்றவும் வேண்டாம்.

பணம் எப்படி இறங்குகிறது என்று பார்த்தால் வேலை எங்கே இருக்கிறது என்பது புரியும். மேலே டோனர், அதாவது பணம் தருபவர்: ஓர் அரசு, ஓர் அறக்கட்டளை, அல்லது வளர்ச்சி வங்கி. அடுத்து அந்தப் பணத்தை வாங்கிப் பிரிக்கும் ஐ.நா. அமைப்புகள், பெரிய என்ஜிஓக்கள், ஒப்பந்த நிறுவனங்கள். கடைசியில் ஊருக்குள் வேலையை நடத்தும் உள்நாட்டு அமைப்புகள். முதல் வேலைகள் பெரும்பாலும் கடைசிப் படியில்தான் இருக்கின்றன. பட்டதாரிகள் எல்லோரும் மொய்ப்பதோ முதல் இரண்டு படிகளில். மனிதாபிமான உதவியில் 25 சதவீதமாவது உள்ளூர், தேசிய அமைப்புகளுக்கு முடிந்தவரை நேரடியாகப் போக வேண்டும் என்று 2016ல் 'கிராண்ட் பார்கெய்ன்' உடன்பாட்டில் ஒப்புக்கொண்டார்கள். அந்த இலக்கு எட்டப்படவே இல்லை. இருந்தாலும் உள்ளூர் அமைப்பைக் கூட்டாளியாகச் சேர்க்காத ப்ரொபோசலுக்கு (நிதி கேட்டு எழுதும் திட்ட வரைவுக்கு) இன்று மதிப்பு குறைவு. அந்த உள்ளூர் அமைப்புகளில் டோனர் கேட்கும் வடிவத்தில் அறிக்கை எழுதவும் கணக்குக் காட்டவும் ஆள் இல்லை. உங்களுக்கான இடைவெளி அங்கேதான்.

இன்னொரு இடம் பலர் கண்ணில் படுவதில்லை. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி போன்றவை கடன் கொடுக்கின்றன. திட்டத்தை நடத்துவது கடன் வாங்கிய அரசு. அதற்காக அமைச்சகத்துக்குள் ஒரு திட்ட அமலாக்கப் பிரிவு இருக்கும். கொள்முதல், கண்காணிப்பு, திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கும் மக்களுக்கும் பாதிப்பு வராமல் பார்ப்பது ஆகியவற்றுக்கு ஒப்பந்த அடிப்படையில் ஆட்களை எடுப்பது அந்தப் பிரிவுதான். இதற்கான உலக வங்கியின் விதித்தொகுப்பான சுற்றுச்சூழல், சமூகக் கட்டமைப்பு 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதில் பத்து தரநிலைகள் உண்டு. ஐந்தாவது நிலம் எடுப்பும் மறுகுடியமர்வும், பத்தாவது மக்களைக் கலந்தாலோசிப்பது. சமூகவியலோ மானுடவியலோ படித்தவர் இந்தப் பத்தையும் ஊன்றிப் படித்துவிட்டு, நடந்து முடிந்த நாலைந்து மறுகுடியமர்வுத் திட்ட அறிக்கைகளையும் வாசித்தால் கையில் ஒரு தொழில் வந்துவிடும். அறிக்கைகள் வங்கியின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. இந்த வங்கிகள் பெரிதும் பத்திரச் சந்தையிலிருந்தும் திரும்பி வரும் கடனிலிருந்தும் பணம் எடுப்பதால், மானிய அமைப்புகள் அளவுக்கு இப்போது ஆடிப்போகவில்லை.

கைத்தொழில் என்று சொன்னதில், புதியவர் நுழைய எளிதானது கண்காணிப்பும் மதிப்பீடும். துறைக்குள் எம்அண்ட்ஈ என்பார்கள். ஒரு திட்டம் என்ன செய்வதாகச் சொன்னது, எதை வைத்து அளக்கும், அந்த எண் எங்கிருந்து வரும் என்று ஒரு பக்க அட்டவணையில் எழுதுவதற்கு லாக்ஃபிரேம் என்று பெயர். 1969ல் யுஎஸ்எய்டுக்காக உருவான வடிவம். யுஎஸ்எய்ட் போன பிறகும் லாக்ஃபிரேம் பெரும்பாலான டோனர்களிடம் உயிரோடு இருக்கிறது. வகுப்பில் இதைப் பாடமாகப் படித்திருப்பீர்கள். வேலையில் அடி விழுவது வேறு இடத்தில். 'பயிற்சி பெற்ற பெண்களின் எண்ணிக்கை' என்று ஓர் அளவீடு இருக்கிறது. மூன்று பயிற்சிகள் நடந்தன, ஒவ்வொன்றிலும் 40 பேர் கையெழுத்து. அறிக்கையில் 120 என்று போய்விடும். பெயர்களை ஒப்பிட்டால் ஆட்கள் 70 பேர்தான், பலர் இரண்டு மூன்று முறை வந்தவர்கள். தணிக்கையாளர் வருகைப் பதிவேட்டைக் கேட்கும்போது இது வெளியே வரும். ஆட்களை எண்ணுகிறோமா வருகைகளை எண்ணுகிறோமா என்று முதல் மாதமே எழுதிவைப்பதும் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி எண் கொடுப்பதும்தான் இளநிலை எம்அண்ட்ஈ அலுவலரின் வேலை.

கணக்கெடுப்பிலும் அப்படித்தான். கோபோ டூல்பாக்ஸ், ஓடிகே, சர்வேசிடிஓ மூன்றும் கைபேசியில் கேள்விப்படிவத்தை ஓடவிடும் கருவிகள். கோபோவைக் கட்டணம் இல்லாமலே பழகலாம். படிவம் செய்வதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம்; தரவு வந்த பிறகு பார்க்கத் தெரிவதுதான் ஆளை வேறுபடுத்துகிறது. வயது தெரியாதவருக்கு 99 என்று குறியிடச் சொல்லியிருப்பார்கள். 100 பேரில் 90 பேரின் சராசரி வயது 30, மீதி 10 பேருக்கு 99 என்றால், அதை நீக்காமல் சராசரி எடுத்தவருக்கு 36.9 வரும். பார்க்கச் சரியான எண் போலவே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. 45 நிமிடம் எடுக்க வேண்டிய பேட்டி 9 நிமிடத்தில் முடிந்திருந்தால் கணக்கெடுப்பாளர் தானே நிரப்பியிருக்கலாம். பல வீடுகளுக்கு ஒரே ஜிபிஎஸ் புள்ளி விழுந்திருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். அதனால்தான் பத்தில் ஒரு வீட்டுக்காவது வேறு ஆளை அனுப்பி, மாற வாய்ப்பில்லாத சில கேள்விகளை மறுபடி கேட்டுச் சரிபார்க்கிறார்கள். ஒரே குடும்ப எண் இரண்டு முறை வந்திருக்கிறதா என்று முதல் நாள் மாலையே பார்த்துவிட வேண்டும். கணக்கெடுப்புக் குழு ஊரை விட்டுக் கிளம்பிய பிறகு பார்த்துப் பயனில்லை.

எக்செல் கட்டாயம். அதற்கு மேல் ஸ்டேட்டா அல்லது ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள், இரண்டில் ஒன்று. பொருளாதாரம், பொதுக்கொள்கை படித்தவர்களுக்கு இதே திறமையால் ஆராய்ச்சி வாசலும் திறக்கும். 2002ல் தொடங்கிய ஐபிஏ, 2003ல் எம்ஐடியில் தொடங்கிய ஜே-பால் போன்ற வறுமை ஆய்வு அமைப்புகள் கள ஆய்வுகளுக்கு ஆராய்ச்சி உதவியாளர்களை எடுக்கின்றன. இங்கே நேர்காணலுக்கு முன்பே ஒரு தரவுத் தேர்வு வைப்பது வழக்கம். விடை சரியா என்பதோடு, நீங்கள் எழுதிய நிரலை இன்னொருவர் திறந்து ஓட்டினால் அதே விடை வருகிறதா என்றும் பார்ப்பார்கள். உங்கள் முதுகலை ஆய்வேட்டின் தரவும் நிரலும் ஒழுங்காகக் குறிப்பெழுதிய கோப்புறையில் இருந்தால், சான்றிதழ்களை விட அது அதிகம் பேசும்.

இரண்டாவது கைத்தொழில் மானியமும் நிதியும். முதுகலைப் பட்டதாரிகள் இதைக் கீழான வேலை என்று தவிர்க்கிறார்கள். அது பெரிய தவறு, ஏனென்றால் திட்டத்தின் உயிர்நாடி இங்கேதான் ஓடுகிறது. 24 மாதத் திட்டம், 6,00,000 டாலர் பட்ஜெட். 12வது மாத முடிவில் 1,80,000 டாலர் செலவாகியிருக்கிறது. காலம் பாதி போய்விட்டது, பணம் 30 சதவீதம்தான் போயிருக்கிறது. மாதம் 15,000 செலவழித்த குழு இனி மாதம் 35,000 செலவழித்தாக வேண்டும். அது நடக்காது என்று மூன்று மாதம் முன்னாலேயே சொல்லத் தெரிந்தவர் யாராக இருந்தாலும் மேலாளர் அவரை விடமாட்டார். கூடுதல் பணம் இல்லாமல் கால நீட்டிப்பு மட்டும் கேட்கலாம், ஆனால் திட்டம் முடியும் தேதிக்கு முன்பே கேட்க வேண்டும். அந்தத் தேதியைக் கோட்டைவிட்டால் மிச்சப் பணம் திரும்பிப் போகும். மறைமுகச் செலவு என்று ஒரு வரி இருக்கும்; ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளிநாட்டு உதவி மானியங்களில் அது நேரடிச் செலவில் அதிகபட்சம் 7 சதவீதம். 5,00,000 டாலர் நேரடிச் செலவுக்கு 35,000. தலைமை அலுவலக வாடகையும் கணக்காளர் சம்பளமும் அதிலிருந்துதான் வர வேண்டும். சிறிய அமைப்புகள் ஏன் எப்போதும் மூச்சுத் திணறுகின்றன என்பது இந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, ஒரு துறை நிபுணத்துவம்: நீர், சுகாதாரம், ஊட்டச்சத்து, வேளாண்மை. பொறியியலோ மருத்துவம் சார்ந்த படிப்போ முன்பு இருந்தால் முதுகலைக்காக அதை மறைக்காதீர்கள், அதுதான் உங்கள் பலம். அவசரகால உதவியில் இறங்குவதாக இருந்தால் குறைந்தபட்சத் தரங்களைச் சொல்லும் ஸ்பியர் கையேட்டின் 2018 பதிப்பைப் படித்து எண்களைக் கணக்குப் போட்டுப் பழகுங்கள். ஒருவருக்கு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. 6,000 பேர் முகாம் என்றால் நாளைக்கு 90,000 லிட்டர், 300 கழிப்பறைகள். நேர்காணலில் இப்படித்தான் கேட்பார்கள்.

இது எதுவும் இல்லாமல் 'திட்ட அலுவலர்' என்ற பொதுப் பெயரில் மட்டும் விண்ணப்பிப்பதுதான் மிக நெரிசலான வழி.

இப்போது ஐ.நா.வுக்கு வருவோம். அங்கே சர்வதேசப் பணியாளர் படிநிலையில் பி-2க்கு முதுகலையோடு பொதுவாக 2 ஆண்டு அனுபவம், பி-3க்கு 5 ஆண்டு. முதுகலை முடித்த கையோடு பி-3க்கு விண்ணப்பித்தால் மனிதர் யாரும் படிக்காமலேயே அது விலகிவிடும். புதியவர்களுக்கென்று இருக்கும் வழிகள் சில. ஜேபிஓ (இளநிலை அலுவலர்) திட்டம் 1961லிருந்து நடக்கிறது. நிதி தரும் அரசு பெரும்பாலும் தன் குடிமக்களுக்கே இடம் வாங்கித் தரும், சில அரசுகள் மட்டும் வளரும் நாட்டவருக்கும் சில இடங்களை ஏற்கின்றன. உங்கள் குடியுரிமை அதில் வருகிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் அதோடு விடுங்கள். ஐ.நா.வின் ஒய்பிபி (இளம் தொழில்முறை அலுவலர்) தேர்வுக்கு வயது 32க்குள் இருக்க வேண்டும், இளநிலைப் பட்டமே போதும். ஆனால் பங்கேற்கும் நாடுகளின் பட்டியல் ஆண்டுதோறும் மாறும், பாடப்பிரிவும் மாறும். தேர்ச்சி பெற்றாலும் காத்திருப்போர் பட்டியலில்தான் பெயர் வரும், உடனே வேலை என்று நினைத்துவிடக் கூடாது. உலக வங்கியின் ஒய்பிபி 1963லிருந்து நடப்பது. அங்கும் வயது வரம்பு 32, ஆனால் முதுகலையாவது வேண்டும். போட்டி கடுமை. நேராகப் படிப்பிலிருந்து போவதை விட இரண்டு மூன்று ஆண்டு வேலைக்குப் பிறகு போடும் விண்ணப்பத்துக்கே வலு அதிகம்.

பலரும் குறைத்து மதிப்பிடுவது ஐ.நா. தன்னார்வலர் திட்டமான யுஎன்வியை. 1970ல் தொடங்கியது, தலைமையகம் பான் நகரில். தன்னார்வலர் என்ற பெயர் இருந்தாலும் மாதாந்திர வாழ்க்கைப்படி, மருத்துவக் காப்பீடு உண்டு. செய்வது முழுநேர அலுவலக வேலை. 18 முதல் 26 வயது வரை இளைஞர் பிரிவு; 27க்கு மேல் நிபுணர் பிரிவு, அதற்கு 3 ஆண்டு அனுபவம் கேட்பார்கள். 25, 26 வயதில் முதுகலை முடிப்பவர் இளைஞர் பிரிவின் கதவு மூடுவதற்குள் போட்டுவிட வேண்டும்.

இன்டர்ன்ஷிப்பிலும் இதே போன்ற கெடு இருக்கிறது. ஐ.நா. செயலகத்தில் பட்டம் பெற்று ஓராண்டுக்குள் தொடங்க வேண்டும். யுனிசெஃப்பில் இரண்டு ஆண்டு வரை. செயலகம் சம்பளம் தராது. யுனிசெஃப், யுஎன்டிபி (ஐ.நா. வளர்ச்சித் திட்டம்), ஐஎல்ஓ (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) ஆகியவை படி தருகின்றன. நியூயார்க், ஜெனீவா தலைமையகங்களில் சொந்தக் காசில் ஆறு மாதம் இருப்பது கையைக் கடிக்கும். அதைவிட ஒரு நாட்டு அலுவலகத்தில் மூன்று மாதம் இருந்தால் வேலையும் அதிகம், வேலை தருபவர்களைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் அதிகம். இன்டர்ன்ஷிப் மாதங்களை எல்லா அமைப்பும் முழு அனுபவமாக எண்ணுவதில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள். சொந்த நாட்டு அலுவலகத்தில் தேசிய அலுவலர் பணியிடங்கள் இருக்கும், என்ஓ-ஏ, என்ஓ-பி என்று. அந்த நாட்டுக் குடிமக்கள் மட்டுமே போடலாம் என்பதால் போட்டி உலகம் முழுவதும் விரியாது. அங்கே சேரும் அனுபவம் பின்னாளில் சர்வதேசப் பணியிடத்துக்கும் செல்லும்.

விண்ணப்பத்தைப் பற்றி ஒரு விஷயம் மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஐ.நா. அமைப்புகள் பலவற்றில் முதல் சலிப்பு படிவத்தை வைத்து நடக்கிறது. நீங்கள் இணைக்கும் அழகான சிவியை அந்தக் கட்டத்தில் பார்ப்பதில்லை. படிவத்தில் ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கிய மாதம், முடிந்த மாதம், முழுநேரமா பகுதிநேரமா என்று கேட்பார்கள். பகுதிநேரத்தைப் பாதியாக எண்ணலாம். படிக்கும்போது செய்த ஆராய்ச்சி உதவியாளர் வேலை, திட்டக் கணக்கெடுப்பு, ஊதியம் பெற்ற மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் மாதக் கணக்கோடு எழுதாமல் விடுவதால்தான் 2 ஆண்டு இருப்பவரும் 14 மாதம் என்று கழிக்கப்படுகிறார். பணி விவரத்தில் உள்ள சொற்கள் உங்கள் படிவத்தில் அதே சொற்களாக இருக்க வேண்டும்: அவர்கள் 'தரவுத் தரக் கட்டுப்பாடு' என்றால் நீங்கள் 'தகவல் சேகரிப்பு' என்று எழுதாதீர்கள். 'கள ஆய்வில் உதவினேன்' என்பது ஒன்றும் சொல்லாத வரி. '8 கணக்கெடுப்பாளர்கள் எடுத்த 1,200 வீட்டுத் தரவில் தினசரிப் பிழைச் சோதனை நடத்தி, சந்தேகமான பேட்டிகளை மறுபடி எடுக்கவைத்தேன்' என்பதில் ஆள் தெரிகிறார். நேர்காணலில் திறன் சார்ந்த கேள்விகள்தான்: குழுவில் கருத்து மோதல் வந்தபோது என்ன செய்தீர்கள் என்பது போல. சூழல், உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு என்ற வரிசையில் ஐந்தாறு சம்பவங்களைத் தயாராக வைத்திருங்கள். 'நாங்கள் செய்தோம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தால் உங்களுக்கு மதிப்பெண் விழாது. இந்த ஓர் இடத்தில் அடக்கம் உதவாது.

வேலை விளம்பரங்களுக்கு ரிலீஃப்வெப், டெவெக்ஸ், இம்பாக்ட்பூல் தளங்கள் மூன்றும் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். ரிலீஃப்வெப்பில் நாடு, அனுபவ ஆண்டு என்று சலித்துத் தேடலாம். ஒரு நாளில் இருபது போடுவதை விட, வாரத்துக்கு மூன்று விண்ணப்பங்களைப் பணி விவரத்துக்கு ஏற்பத் திருத்திப் போடுவது மேல். ஒரு மாவட்டத்திலோ முகாமிலோ வேலை செய்யத் தயார் என்பவருக்கு, தலைநகரில்தான் இருப்பேன் என்பவரை விட வேலை சீக்கிரம் கிடைக்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாலான நாடுகளில் பிரெஞ்சு இல்லாமல் முடியாது. மொசாம்பிக், அங்கோலாவுக்குப் போர்ச்சுகீசியம். ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியை வேலை செய்யும் அளவுக்கு வைத்திருப்பவர் மிகக் குறைவு. இரண்டாவது முதுகலைக்குச் செலவழிப்பதை விட அந்த ஓராண்டை மொழிக்குக் கொடுக்கலாம். ஐ.நா.வின் பிசேஃப் பாதுகாப்புப் பயிற்சியும் காயா என்ற இணையவழிக் கற்றல் தளத்தின் மனிதாபிமானப் பாடங்களும் இலவசம். எப்படியும் பின்னால் கேட்பார்கள், முன்பே முடித்துவையுங்கள்.

வேலை என்று ஒன்று வந்ததும் ஒப்பந்தத்தை நிதானமாகப் படியுங்கள். இப்போது வருபவற்றில் பல, ஆலோசகர் ஒப்பந்தங்கள். அதில் ஓய்வூதியம் இருக்காது, சம்பளத்துடன் விடுப்பு இருக்காது, காப்பீட்டை நீங்களே எடுக்க வேண்டியிருக்கும், வரியும் உங்கள் தலையில். உலக வங்கியின் குறுகிய கால ஆலோசகர் ஜூலை முதல் ஜூன் வரையான நிதியாண்டில் 150 நாள்தான் வேலை செய்யலாம். ஒரு நாள் கூலியை 365ஆல் பெருக்கி மகிழ்ந்துபோகாமல் 150ஆல் பெருக்குங்கள். அதிலிருந்து காப்பீடு, வரி, வேலை இல்லாத மாதங்களைக் கழித்துவிட்டுப் பாருங்கள். பணம் மாதாமாதம் வருமா, அறிக்கை ஏற்கப்பட்ட பிறகா என்று கேளுங்கள். 'ஏற்கப்பட்ட பிறகு' என்றால், எத்தனை நாளுக்குள் அவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும், எத்தனை முறை திருத்தம் கேட்கலாம் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதவைக்க வேண்டும். இல்லையென்றால் வரைவு மாதக்கணக்கில் ஒருவர் மேசையில் கிடக்கும், கட்டணமும் அதோடு கிடக்கும். 2019லிருந்து பல என்ஜிஓக்கள் முந்தைய ஐந்து ஆண்டு முதலாளிகளிடம் பாலியல் முறைகேடு பற்றி நேரடியாகக் கேட்கின்றன. அதற்காக, பழைய மனிதவளப் பிரிவுகளின் தொடர்பு விவரங்களைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு திட்டம் முடிந்து அலுவலகமே மூடிவிட்டால் தேடிப்பிடிப்பது பெரும்பாடு.

வேலை தேடும் அவசரத்தில் இருப்பவர்களைக் குறிவைத்து, ஐ.நா. முத்திரையோடு நியமன ஆணை அனுப்பி விசா, பயிற்சி, காப்பீடு என்று பணம் கேட்கும் மோசடிகளும் சுற்றுகின்றன. ஐ.நா. எந்தக் கட்டத்திலும் விண்ணப்பதாரரிடம் பணம் வாங்குவதில்லை. நீங்கள் விண்ணப்பிக்காத வேலைக்கு ஆணையும் அனுப்பாது. அப்படி ஏதாவது வந்தால் அந்த அஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், அமைப்பின் அதிகாரபூர்வத் தளத்தை நீங்களே திறந்து அந்தப் பணியிட எண் அங்கே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.